காடு எரிந்தால் வீட்டுக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள கயல்விழிக்கு,

காட்டுத்தீ ஆபத்தை வீட்டுக் காப்பீடு எப்படித் தாங்கும் என்று கேட்டிருந்தாய். சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு மேலே, சரிவுகளில் நிற்கும் காடுதான் பனிச்சரிவையும் உருண்டு வரும் பாறையையும் தடுக்கிறது. அந்நாட்டுக் காடுகளில் கிட்டத்தட்ட பாதிக்கு இந்தக் காவல் வேலை உண்டு. அப்படிப்பட்ட காடு எரிந்தால், தீ அணைந்த பிறகும் ஆபத்து தீராது. வெறுஞ்சரிவில் மரங்கள் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு குளிர்காலமும் கீழே இருக்கும் வீடுகளுக்குச் சோதனைதான். இது வீண் பயமில்லை. 2016 டிசம்பரில், டாவோஸ் இருக்கும் கிராபுண்டன் மாநிலத்திலேயே மிசோக்ஸ் பள்ளத்தாக்கில் காடு எரிந்தது.

அந்த மாநிலத்தில் கட்டடங்களை மாநிலத்தின் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் காப்பீடு செய்வது கட்டாயம். 26 மாநிலங்களில் 19-ல் இப்படிப்பட்ட பொது நிறுவனம் உண்டு. தீ, வெள்ளம், புயல், பனிச்சரிவு எல்லாம் ஒரே பாலிசியில் அடங்கும். இழப்பீடு தரும் அதே நிறுவனம் தீத்தடுப்பு விதிகளையும் கவனிக்கிறது, தீயணைப்புப் படைக்கும் துணை நிற்கிறது. எரிந்தால் தன் பணம் போகும் என்பதால் எரியாமல் காப்பதில் அதற்கு அக்கறை இருக்கிறது. கலிஃபோர்னியாவிலோ 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டு பாலிசிகளை நிறுத்திக்கொண்டது. தனியார் கைவிட்டவர்கள், குறைவான பாதுகாப்பே தரும் ஃபேர் பிளான் என்ற கடைசிப் புகலிடத்துக்குப் போகிறார்கள்.

காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம் என்றால், பத்திரமான இடத்தில் இருப்பவர் ஆபத்தான சரிவில் கட்டியவருக்காக ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தின் ஆபத்து வரைபடத்தில் மிக ஆபத்தானதாகக் குறித்த சிவப்பு மண்டலத்தில் புதிய வீடு கட்ட அனுமதி இல்லை என்பதே அதற்கான பதில். அந்தத் தடை இல்லாமல் கட்டாயக் காப்பீட்டை மட்டும் கொண்டுவந்தால், அசட்டுத் துணிச்சலுக்குப் பொதுப்பணத்தைக் கொடுத்ததாகிவிடும்.

காட்டுத்தீயின் இழப்பில் உடல்நலமும் அடங்கும். காசநோயாளிகள் நல்ல காற்றைத் தேடி வந்ததால் பெயர் பெற்ற ஊர் டாவோஸ். காட்டுப்புகையின் நுண்துகள்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் முதலில் தாக்கும். புகை கலைந்தபின், திரும்பக் கட்டப் பணமில்லாத குடும்பத்தைக் கவலை அரிக்கும். இழப்பீடு உடனே கிடைப்பதும் ஒரு மருத்துவ உதவிதான் என்பேன்.

நம் குரங்கணியில் 2018-ல் மூண்ட காட்டுத்தீ உனக்குத் தெரியும். இந்தியாவில் 2021 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி காட்டுத்தீயையும் நிலச்சரிவையும் சேர்த்தே காக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை. உங்கள் கொடைக்கானல் வீட்டுக்கு அது இருக்கிறதா என்று இந்த வாரமே அப்பாவிடம் கேள்.

அன்புடன்,
மாமா