கடல் தந்த செம்பாறைகள்

நுழையும்முன்
பாறை அடுக்கின் நிறம் ஒரு செய்தியைச் சொல்கிறது; அதனுள் புதைந்திருப்பவை மற்றொரு செய்தியைச் சொல்கின்றன. இரண்டையும் பிரித்தறிந்து படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இத்தாலியின் நடுப்பகுதியில், அப்பெனைன் மலைத்தொடரில் குப்பியோ என்னும் பழைய நகரம் உள்ளது. அதனை அடுத்த மலையிடுக்கில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறைகள் அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கின்றன. ‘ஸ்காலியா ரோசா’ எனப்படும் இவை ஒருகாலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்தவை. நீரில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அங்கு இறங்கிப் படிந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே உயர்ந்த அப்படிவு, காலப்போக்கில் இறுகிப் பாறையாயிற்று.

நிறம் கூறுவது
ஆழ்கடல் நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தது. படிவு மிக மெதுவாகச் சேர்ந்ததால் அதிலிருந்த உயிர்ப்பொருள் முற்றிலும் மட்கியது. இரும்பு ஆக்சிஜனுடன் கூடி ஹேமடைட் என்னும் செந்நிறக் கனிமமாயிற்று. இச்செம்பாறைகளுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்பில் கரிய அடுக்கொன்று உள்ளது. ‘பொனரெல்லி அடுக்கு’ எனப்படும் அது, ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஆக்சிஜன் அருகியபோது மட்காத உயிர்ப்பொருள் சேர்ந்து உருவானது. சிவப்பு, ஆக்சிஜன் நிறைந்த கடலின் அடையாளம். கருமை, மூச்சுத்திணறிய கடலின் அடையாளம்.

பரவல்
கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்த இத்தகைய செம்பாறைகள் ஆல்ப்ஸ், கார்பேத்தியன் மலைகளிலும், ஸ்பெயின், துருக்கி நாடுகளிலும், தென்திபெத்திலும் காணப்படுகின்றன. அட்லாண்டிக் கடலடியில் துளையிட்டெடுத்த பாறைத் துண்டுகளிலும் இவை உள்ளன. தென்திபெத்தின் செம்பாறைகள் இந்திய நிலத்தட்டின் வடக்கு விளிம்பில், டெத்திஸ் கடலில் படிந்தவை. இமயம் எழுந்தபோது உடன் உயர்த்தப்பட்டவை.

காலத்தைக் கணித்தல்
நிறத்தை மட்டும் நம்பினால், இவையனைத்தும் ஒரே காலத்தவை என்று எண்ணத் தோன்றும். ஆயின், ஆய்வு அதனை மறுக்கிறது. ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் இனங்கள் காலந்தோறும் மாறியதால், அவற்றின் ஓடுகள் அடுக்குகளின் முன்பின் வரிசையை உணர்த்துகின்றன. புவியின் காந்தப்புலம் திசைமாறிய தடங்களும் பாறையில் பதிந்துள்ளன. வேறிடங்களின் எரிமலைப் பாறைகளில் உள்ள கதிரியக்கத் தனிமங்களால் அத்திசைமாற்றங்களின் ஆண்டுக்கணக்கு அறியப்படுகிறது. இவற்றை ஒப்பிட்டபோது, செந்நிறப் படிவு இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் தொடங்கி, வெவ்வேறு காலத்தில் முடிந்தமை தெளிவாயிற்று.

மெல்லிய களிமண்
குப்பியோவின் செம்பாறைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள களிமண் அடுக்கு உள்ளது. அது படிய எவ்வளவு காலம் ஆயிற்று என்று அறிய முற்பட்ட வால்டர் ஆல்வாரெஸும் அவர் தந்தை லூயிஸ் ஆல்வாரெஸும் குழுவினரும், அதில் இரிடியம் மிகுந்திருப்பதைக் கண்டனர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியில் மோதிய சிறுகோளே அதற்குக் காரணம் என்று 1980ஆம் ஆண்டு வெளியிட்டனர். காலத்தை அளக்க எழுந்த வினா, பேரழிவொன்றின் காரணத்தைக் காட்டியது.

கடல்நீர் வெப்பமடைந்தால், அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சிவப்பும் கருமையும் மாறிய காலங்களைத் துல்லியமாக அறிவது, இன்றைய கடலின் நாளைய நிலையை உணரவும் துணைபுரியும்.

சிந்தனை வினா
‘பாறையின் நிறம் சூழலைக் கூறும், காலத்தைக் கூறாது’ – பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.