நாற்பது நாளைக்கு முந்திய பிழை

சென்ற வருடம் ராத்தாவின் நிக்காஹ்வுக்கு வாப்பா வரவில்லை. மண்டபம் பேசி, அழைப்பிதழ் அடித்து, வாப்பாவின் விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. "லீவு எல்லாருக்கும் நிற்பாட்டிட்டாங்க மகள். பொட் எல்லாம் சூடேறிப் போய்க் கிடக்குது" என்றார். வாப்பாவின் இடத்தில் பெரியவாப்பா நின்று நிக்காஹ்வை முடித்து வைத்தார். வாப்பா உம்மாவின் கைபேசித் திரையில் இருந்தார். தலையில் தொப்பி, பின்னால் விடுதிச் சுவர்.

எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். யாரோ ஒருவர் பிழை விட்டிருக்கிறார், அதற்கு எங்கள் வீடு தண்டம் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஒருவரைத் தேடித்தான் வாப்பாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளால் வந்தது.

வாப்பா பதினான்கு வருடமாக வளைகுடா நாடொன்றிலுள்ள அலுமினிய உருக்காலையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கம்பனி' மட்டும்தான். உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்து மின்பகுப்பு படித்த பிறகும்கூட அந்தப் பாடத்தையும் வாப்பாவின் கம்பனியையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அலுமினியத்தின் மூலப்பொருளான போட்சைற்று வளைகுடாவில் பெரிதாகக் கிடைப்பதில்லை. ஆனாலும் பஹ்ரைனில் 1971 இலும் துபாயில் 1979 இலும் உருக்காலைகள் உற்பத்தியைத் தொடங்கின. காரணம் எரிவாயு. எரிவாயு இருந்தால் மின்சாரம் உண்டு. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13 முதல் 15 அலகு மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டு மின்பட்டியல் மாதம் 90 அலகைத் தாண்டினால் உம்மா மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருவார். அந்த 90 அலகில் ஆறேழு கிலோ அலுமினியம்தான் எடுக்கலாம். பெரிய உருக்காலைகள் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் எடுக்கின்றன. நம் நாட்டில் இப்படியொரு ஆலை இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செய்முறை பழையது. 1886 இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹோலும் பிரான்ஸில் போல் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே அதைக் கண்டுபிடித்தார்கள். இருவருமே அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அலுமினா என்ற வெள்ளைத் தூளைத் தனியாக உருக்க 2000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உருகிய கிரயோலைற்றில் போட்டால் 950 பாகையளவிலேயே கரைந்துவிடும். அந்தத் திரவத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால் உருகிய அலுமினியம் அடியில் சேரும். ஒட்சிசன் மேலேயுள்ள காபன் அனோட்டுகளை எரித்துக் காபனீரொட்சைட்டாக வெளியேறும். இது நடக்கும் பெரிய எஃகுத் தொட்டியைத்தான் வாப்பா 'பொட்' என்கிறார்.

ஒரு தொட்டிக்கு நாலு வோல்ற்றுக்குச் சற்று மேல் போதும். ஆனால் அதற்குள் ஓடும் மின்னோட்டம் மூன்று இலட்சம் அம்பியருக்கு மேல் இருக்கலாம். அதன் காந்தப்புலம் மணிக்கூட்டைக் கெடுத்துவிடும், வங்கி அட்டையை அழித்துவிடும் என்பதால் இரண்டையும் அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் வாப்பா உள்ளே போவார்.

இனி நான் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். நூற்றுக்கணக்கான தொட்டிகள் ஒரே வரிசையில் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன, சமாந்தரமாக அல்ல. முதல் தொட்டிக்குள் புகும் அதே மின்னோட்டம்தான் கடைசித் தொட்டி வரை போகிறது. ஒரு தொட்டிக்கு மட்டும் 'இன்றைக்குக் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம்' என்று சொல்ல முடியாது. இரவு, பெருநாள், வெள்ளிக்கிழமை என்று நிறுத்தி வைக்கவும் முடியாது. சில மணி நேரம் மின்சாரம் நின்றால் உள்ளிருப்பது உறையத் தொடங்கும். முற்றாக உறைந்த தொட்டியை உடைத்துத் தோண்டித்தான் மீட்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் போர்ட்லண்ட் உருக்காலையில் 2016 டிசம்பரில் மின்கடத்தல் பாதையில் ஏற்பட்ட கோளாறால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போனது. உற்பத்தி பெருமளவு விழுந்து, பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கானது.

ஆகவே மின்நிலையமும், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கிப் பகுதியும் மற்றப் பகுதிகளுக்கு உதவி செய்பவை என்று சொல்வது சரியில்லை. அவைதான் தொட்டிகளின் மூச்சு. வாப்பாவுக்கு அங்கே வேலை செய்யும் ஒருவரையும் முகம் தெரியாது. ஆனாலும் அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வரும்.

வாயு சுத்திகரிக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டியிலிருந்து ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சுவாயு வெளிவரும். அதைப் பெரிய குழாய்களால் உறிஞ்சி, துறைமுகத்திலிருந்து வந்த புதிய அலுமினாத் தூளுக்கூடாகச் செலுத்துகிறார்கள். தூள் அந்தப் புளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த அதே தூள்தான் பிறகு தொட்டிக்கு உணவாகப் போகிறது. சுற்றாடலுக்கு நஞ்சு போகாமல் காப்பவர்களும் தொட்டிக்குத் தீன் அனுப்புகிறவர்களும் ஒரே ஆட்கள். அங்கே ஒரு காற்றாடி நின்றால் தொட்டி அறையில் வாப்பாவின் கண் எரியும்.

தூள் குறைந்துவிட்டாலும் தொல்லைதான். திரவத்தில் அலுமினா ஏறத்தாழ 2 சதவீதத்துக்குக் கீழே போனால் நாலு வோல்ற்றில் இருந்த தொட்டி திடீரென்று முப்பதுக்கு மேல் பாயும். கிரயோலைற்றே உடைந்து, வளிமண்டலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்கள் தங்கக்கூடிய வாயுக்கள் கிளம்பும். முற்காலத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மின்குமிழ் மாட்டியிருப்பார்களாம். வோல்ற்றளவு ஏறினால் அது பளிச்சென்று எரியும், ஆட்கள் ஓடுவார்கள். இப்போது கணினி பார்த்துக்கொள்கிறது.

ஆய்வுகூடத்தை நான் வெள்ளை மேலங்கி போட்டவர்களின் அமைதியான இடம் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒவ்வொரு தொட்டியின் உலோகத்திலிருந்தும் ஒரு சிறு வில்லை வரும். இரும்பு எவ்வளவு, சிலிக்கன் எவ்வளவு என்று சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு தொட்டியில் இரும்பு ஏறினால், அனோட்டு அளவுக்கு மேல் தேய்ந்து அதைத் தாங்கும் எஃகுக் கால் கரைகிறது என்று சந்தேகிக்கலாம். தொட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆய்வுகூடத்தின் எண்தான் அதற்குக் கண். வார்ப்பகத்துக்கும் அந்த எண் வேண்டும். மின்கம்பிக்குப் போகும் அலுமினியம் தூய்மையாக இருக்க வேண்டும். யன்னல் சட்டத்துக்குப் போவதில் மக்னீசியமும் சிலிக்கனும் கலப்பார்கள். எந்தத் தொட்டியின் உலோகத்தை எந்த உலையில் ஊற்றுவது என்பதைக் காலைக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் சண்டையும் நடக்குமாம். உலோகம் பிந்தினால் உலை சும்மா கிடக்கிறது என்று வார்ப்பகம் கத்தும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் வாளிகள் வரிசையில் நின்று ஆறிப்போகின்றன என்றும் அவர்களேதான் கத்துவார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அது காபன் பகுதியில் தொடங்குகிறது.

வாப்பாவின் குழு அனோட்டு மாற்றும் குழு. ஒவ்வொரு அனோட்டும் ஒரு தொன்னளவு நிறையுள்ள கறுப்புக் கட்டி. ஒரு தொட்டியில் இருபது, முப்பது இருக்கும். ஒன்று ஏறத்தாழ 26 நாளில் எரிந்து தேய்ந்துவிடும். தேய்ந்ததைக் கிரேனால் தூக்கிவிட்டு, திறந்த இடத்தில் புதியதை வைத்து மூட வேண்டும். 950 பாகைத் திரவத்துக்கு முன்னால் நின்று செய்கிற வேலை, வெளியே வளைகுடாக் கோடை. ஒரு தொன் அலுமினியத்துக்கு நானூறு கிலோவுக்கு மேல் காபன் எரிகிறது. எனவே அனோட்டு செய்வதற்கென்றே ஒரு தனி ஆலை உள்ளே இருக்கிறது. பெற்றோலியக் கற்கரியையும் நிலக்கரித் தாரையும் பிசைந்து, கட்டியாக அழுத்தி, 1100 பாகையளவில் இரண்டு வாரம்போல் சுடுவார்கள். பிறகு உருகிய வார்ப்பிரும்பு ஊற்றித் தண்டைப் பொருத்துவார்கள். தேய்ந்துபோன அனோட்டின் அடிக்கட்டையையும் வீசுவதில்லை. சுரண்டி, நொறுக்கி, புதிய கட்டிக்குள்ளேயே கலந்துவிடுவார்கள்.

சென்ற வருடம் அந்தச் சுரண்டும் இயந்திரம் சில நாள் சரியாக வேலை செய்யவில்லை. அடிக்கட்டைகளில் உறைந்திருந்த கிரயோலைற்றுக் கட்டி முழுவதும் போகாமலே நொறுக்கப்பட்டது. கிரயோலைற்றில் சோடியம் இருக்கிறது. காபனுக்குள் சோடியம் புகுந்தால் அது ஊக்கியாக வேலை செய்யும். வளியோடும் காபனீரொட்சைட்டோடும் காபன் வேகமாகத் தாக்கமடையும். அப்படித் தாக்கமடையும்போது கட்டி ஒரே சீராக எரியாமல் அரித்து, கரித்தூளாக உதிரும்.

இதெல்லாம் உடனே தெரிந்திருந்தால் ஒன்றுமில்லை. கட்டியைப் பிசைந்து ஆறவிட்டு, சுட்டு, தண்டு பொருத்தி, தொட்டிக்குள் இறக்கி, அது உதிரத் தொடங்கும் வரை ஏறத்தாழ நாற்பது நாள் போய்விட்டது. அதற்குள் இயந்திரத்தைத் திருத்தி எல்லாரும் மறந்தும் விட்டார்கள். திடீரென்று தொட்டிகளில் கரித்தூள் மிதந்தது. தடை கூடியது, சூடு ஏறியது. சில அனோட்டுகளின் அடியில் கரி முளைபோல் வளர்ந்து கீழேயுள்ள உலோகத்தைத் தொட்டது. தொட்டால் மின்னோட்டம் அந்த வழியாகச் சும்மா ஓடிவிடும், அலுமினியம் வராது. ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து, தூளை வாரி எடுத்து, முளைத்த அனோட்டை வெளியே இழுத்து முளையை உடைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆள் போதவில்லை. லீவு நின்றது இப்படித்தான்.

"அப்ப காபன் ஆக்கள்ட பிழைதானே வாப்பா?" என்று கேட்டேன். ஆம் என்று சொல்வார், நிம்மதியாகக் கோபப்படலாம் என்று இருந்தேன்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவங்க மறைக்கல்ல மகள். சோடியம் கூடியிருக்குது எண்டு ஆய்வுகூடத்துத் தாள்ல இருந்திருக்கு. அந்தத் தாள் எங்கட பக்கத்துக்கும் வந்தது. அது காபன் ஆக்களுக்குரிய தாள் எண்டு நாங்க ஒருத்தரும் திறந்து பார்க்கல்ல. பார்த்திருந்தா அந்தக் கட்டியளை எல்லாப் பொட்டுக்கும் பிரிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டிருப்பம்."

நாங்கள் என்று அவர் சொன்னதில் அவரும் இருந்தார். அந்த வருடம்தான் அவர் குழுவின் போமனாக உயர்ந்திருந்தார், நாங்கள் வீட்டில் வட்டிலப்பம் செய்து கொண்டாடினோம். தாள் அவர் மேசைக்கும் வந்திருக்கும் என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், எழும்பித் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

நிக்காஹ் முடிந்து ஆறு வாரத்தின் பின் வாப்பா வந்தார். ஒரு நாள் இரவு எனது மின்பகுப்புக் கணக்குகளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். 3,00,000 அம்பியர், ஒரு நாளைக்கு 86,400 செக்கன். பெருக்கி, 96,500 ஆல் பிரித்தால் இலத்திரன் மூல்கள் வரும். அலுமினியம் ஒரு மூலுக்கு மூன்று இலத்திரன், மூலர்த் திணிவு 27. ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,417 கிலோகிராம் என்று விடை வந்தது. வாப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். விடையைப் பார்த்து, "இவ்வளவு வராதே, 2,270 சொச்சம்தான் வரும்" என்றார். பரடேயின் விதி ஒருபோதும் பிழைக்காது என்று நான் வாதாடினேன். பிறகுதான் விளங்கியது. உருவான அலுமினியத்தில் ஒரு பங்கு மறுபடியும் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து அலுமினாவாகவே திரும்பிவிடுகிறது. நல்ல தொட்டியில் வினைத்திறன் 94, 95 சதவீதம். வாப்பாவின் எண் அதற்குச் சரியாகப் பொருந்தியது. கணக்கே போடாமல் அவருக்கு அது தெரிந்திருந்தது.

"கரித்தூள் வந்த நேரம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அதை எழுதாத," என்று சிரித்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்குப் போனதும் காபன் பகுதித் தாளைத்தான் முதலில் திறக்கிறாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கிறார். நேற்றுப் பேசும்போது, கிடைக்குமா என்று உம்மா கேட்டார். சோடியம் குறைவாகத்தான் இருக்கிறது என்று வாப்பா பதில் சொன்னார்.