கரி கலந்த ரப்பரும் பம்பு செட்டும்

காலில் ரப்பர் செருப்பு இருந்தால் மோட்டார் சுவிட்சைப் பயமின்றித் தொடலாம் என்று குடியானவர்களில் அநேகர் எண்ணியிருக்கின்றனர். சுத்தமான ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாதென்பது மெய்யே. ஆயினும் கடையில் விற்கும் ரப்பர் யாவும் சுத்த ரப்பர் அன்று.

மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் தனியே மென்மையானது, விரைவில் தேய்ந்துபோம். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் வழியை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். பின்னர் கரித்தூள் சேர்த்தால் தேய்மானம் பெரிதும் குறையுமென்று தெரியவந்தது. டயரில் 100 பங்கு ரப்பருக்கு ஏறக்குறைய 50 பங்கு கரித்தூள் சேர்ப்பது சாதாரணம். அதன் கறுப்பு நிறம் இதனாலேயே. கரியோ மின்சாரத்தைக் கடத்தும் வஸ்து. துகள்கள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கினால் ரப்பரினுள்ளே மின்சாரம் செல்ல வழி உண்டாகிவிடுகிறது.

இவ்விஷயத்தில் இப்போது கிராஃபீன் என்னும் புதுச்சரக்கு வந்துள்ளது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டை ஓர் அணுவின் கனமுள்ள ஏடாகப் பிரித்தால் அதுவே கிராஃபீன். (நம் சிவகங்கையிலும் கிராஃபைட் வெட்டியெடுக்கப்படுகிறது.) 2004-இல் மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் இதனைப் பிரித்துக் காட்டி, 2010-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கங்களையும் கணக்கிட்டால் சுமார் 2,600 சதுர மீட்டர், அதாவது 64 சென்ட் நிலத்தின் பரப்பு வரும். ஆதலால் சில பங்கே சேர்த்தாலும் ரப்பர் வலுப்பெறுவதோடு, ஏடுகள் தொடர்ந்து அமையுமாயின் மின்சாரமும் கடக்கும்.

கஷ்டம் கலப்பதிலேயே இருக்கிறது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் அந்தக் கட்டியிலேயே ரப்பர் கிழியும். எள்ளை மணலோடு கலந்து விதைப்பது போல, ஏடுகளை முதலில் நீரில் பரவச் செய்து, ரப்பர் பாலில் கலந்து, பிறகு உறையவைப்பது ஒரு முறை. 2018-இல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று மேற்படி சர்வகலாசாலையுடன் சேர்ந்து கிராஃபீன் கலந்த சோல் உள்ள ஓட்டக் காலணிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்தில் காலணித் தொழிலால் ஜீவிக்கும் குடும்பங்கள் இதனைக் கவனித்து வருதல் நன்று.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எளிதில் தீப்பற்றும் ஆவி நிறைந்த தொழிற்சாலைகளில், உடலில் சேரும் மின்னேற்றம் பொறியாகாமல் தரைக்கு இறங்கவேண்டி, மின்சாரம் சிறிது கசியும் சோலையே வேண்டுமென்று அமைக்கின்றனர். அத்தகைய காலணியின் தடை ஒரு லட்சம் ஓமுக்கும் நூறு கோடி ஓமுக்கும் இடைப்பட்டது. இன்னும் குறைந்த தடையுள்ள ஜாதியும் உண்டு. அதனை அணிந்து ஈர வரப்பில் நின்று 230 வோல்ட் கம்பியைத் தொடுவது, வெறுங்காலோடு தொடுவதற்கு ஏறக்குறைய சமமே. டயர் செருப்பையும் நம்பலாகாது. நிறத்தைப் பார்த்து இது கடத்தும், இது கடத்தாது என்று சொல்லவும் இயலாது.

ஆகையால் மோட்டார் அறையில் பழைய டயர்த் துண்டையோ மில் பெல்ட்டையோ விரிக்காமல், ஐ.எஸ். 15652 முத்திரையுள்ள மின்காப்புப் பாயை வாங்கி, உலர்ந்த தரையில் விரிக்கவேண்டும். எர்த்துக் கம்பி அறுபடாதிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.