கீப்பராக நினைக்கும் மருமகனுக்கு



கோல் கீப்பர் காக்கும் வாசலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டிப் புள்ளி 11 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பலமாக உதைத்த பந்து அரை நொடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். இவ்வளவு இடத்தைப் பாய்ந்தே மூடிவிட எவராலும் முடியாது. ஓடும் ஆட்டத்தில், பந்து புறப்படுமுன் எங்கே நிற்பது, எத்தனை அடி முன்னேறி வந்தால் உதைப்பவனுக்கு வாசல் குறுகித் தெரியும் என்பதுதான் கீப்பரின் முதல் பாடம்.

அந்தக் கணிப்பு ஆண்டுக்கணக்கில் ஆடித்தான் கைவரும். இத்தாலியின் கீப்பர் டினோ சாஃப் 1982-இல் உலகக் கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 40. ஆட்டக்காலம் நீளம் என்றாலும் இடம் ஒன்றே ஒன்று. பதினோரு பேரில் ஒருவர்தான் கீப்பர் என்பதால் இரண்டாமவர் மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார நேரும். பஞ்சாபைச் சேர்ந்த கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்தாபெக் அணியில் சேர்ந்தார். அங்கே லீக் ஆட்டத்தில் களமிறங்க 2016 வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் ஒருநாள் பயிற்சியைக்கூட விடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

தமிழ்ப் பெயர் தாங்கிய கீப்பர்களில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்தவர். மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணியில் முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பிறகே வாசலுக்கு வந்தார். கோல் அடிக்கப் பழகியவனுக்கு, அடிப்பவன் மனம் எந்தப் பக்கம் போகும் என்பது தெரியும். இளவயதில் வேறு இடங்களிலும் ஆடிப் பார்ப்பது அதனால் நல்லதே. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளுக்கான இந்திய அணிகளில் அவர் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வாசலை அவரும் பிரத்யுத் பர்மனும் மாறி மாறிக் காத்தார்கள். தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் நின்றவர் தங்கராஜ். 1967-இல் அர்ஜுனா விருது வந்தது. அவர் பெயர் இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாமலிருப்பது வருத்தம் தருகிறது.

நெல்லைச் சீமையில் பழகும் பையனுக்கு ஒரு வசதி உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் மேல்காற்றில், ஓரத்திலிருந்து தூக்கியடித்த பந்து கடைசி நேரத்தில் விலகும், தேங்கும், திடீரென இறங்கும். அந்தக் காற்றில் பந்தைப் பிடித்துப் பழகியவன் வேறெங்கும் தடுமாற மாட்டான். ஐப்பசி மழையில் நனைந்த பந்து கையைவிட்டு வழுக்கும். அப்போது பிடிக்க முயலாமல் குத்தித் தள்ளுவதே சரி. கட்டாந்தரையில் விழுந்தால் இடுப்பும் முழங்கையும் உரியும். ஆகவே விழும் முறையைத் தாமிரபரணி மணலில் பழகிக்கொண்டு, பிறகு தரைக்கு வர வேண்டும். முழங்கையை ஊன்றாமல் தொடை, இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் சரிந்து விழ வேண்டும். விரல் சுளுக்கை அலட்சியம் செய்தவர்களுக்கு அது ஆயுள் முழுக்க வலிக்கும்.

கால் திறமையும் இப்போது கட்டாயம். தன் அணியினர் காலால் வேண்டுமென்றே தள்ளித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. 2025 முதல், பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர்.

வருமானம் எல்லோருக்கும் ஒன்றாக இராது. பெரிய கிளப்புகளில் இடம் சில பேருக்கே. ஒப்பந்தமும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். ராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்கள்தாம் இங்கே நெடுங்காலம் ஆடியிருக்கிறார்கள். அந்த வேலைகளுக்குப் படிப்புச் சான்றிதழும், போட்டிகளில் ஆடியதற்கான சான்றிதழ்களும் தேவை என்பதால் கல்லூரியைப் பாதியில் விடக்கூடாது. ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளராக விரும்புவோர் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமத்தில் தொடங்கலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துவைப்பவர்களும் உண்டு.

அன்புடன்,
மாமா
பாளையங்கோட்டை