நோட்டில் ஏறாத காய்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் இரண்டு பேருமே படித்தோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் படித்தார். “கட்டுப்படியாகுமா அக்கா?” என்று நீங்கள் கேட்டிருந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். முப்பது வருடம் பேரேடு எழுதிய கை அது. கணக்கு என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் சும்மா இருக்காது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்படியாகாது. அதிலும் சித்தையன்கோட்டையில் இருந்துகொண்டு வீட்டுக்குக் காய் போடுவது, உப்பளத்தில் உட்கார்ந்து உப்புக் காய்ச்சுவது மாதிரி. செம்பட்டி போய்ப் பஸ் ஏறினால் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட். கேரளாவுக்குப் பொழுதன்னைக்கும் காய் லாரி போகிற ஊர். இந்தப் பக்கம் அய்யலூரில் தக்காளிக்கென்றே சந்தை. விலை விழுந்துவிட்டால் பறித்த கூலிகூடத் தேறாது என்று தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற மாவட்டம் எங்களுடையது. இங்கே உட்கார்ந்து ஆறு சென்ட் கொல்லையில் தக்காளி வளர்க்கிறோம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அவர் நோட்டும் அதையேதான் சொல்கிறது. எண்பது பக்க நோட்டு. தேதி, காய், எடை, அன்றைய சந்தை விலை என்று நாலு பத்தி. மாசியிலிருந்து வைகாசி முடிய 97 கிலோ காயும் பழமும் ஏறியிருக்கின்றன. பந்தல் கம்பி, வேப்பம்புண்ணாக்கு, விதை, மோட்டார் கரண்டு எல்லாம் கழித்தால் 1,140 ரூபாய் நட்டம். எங்கள் இரண்டு பேர் கூலியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் நோட்டை அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

ஆனால் தங்கச்சி, அந்த நோட்டில் பாதித் தோட்டம் கிடையாது.

அவருடைய தராசு திண்ணையில் இருக்கிறது. நான் தாளிக்கக் கடுகைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து ஓடுகிறவள். கறிவேப்பிலை ஓர் இணுக்கு, பச்சை மிளகாய் நாலு, குழம்பு இளைத்துப்போனால் இரண்டு கத்தரிப் பிஞ்சு. இதெல்லாம் எப்போது திண்ணைக்கு வரும்? கடுகு வெடித்து முடிவதற்குள் சட்டிக்குள் இருக்கும். முருங்கைக்கீரை இந்த வருடம் எத்தனை முறை உருவினேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் கொல்லையில் நிற்பது போத்து ஊன்றி வந்த பழைய மரமுருங்கை, மாமியார் காலத்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1, விதை போட்ட ஆறே மாதத்தில் முழ நீளக் காயாக இறக்கிவிடும் என்பார்கள். வயல்காரர்களுக்கு அதுதான் சரி. எனக்கு இந்தக் கிழவியே போதும். காய் குட்டை, ஆனால் சாம்பாரில் போட்டால் தெரு முனையிலேயே மணம் தெரியும்.

பக்கத்தில் பாய் வீடு. இப்போதெல்லாம் நோன்பு மாசியையொட்டியே வந்துவிடுகிறது. நோன்பு முப்பது நாளும் சாயங்காலமானால் அந்த வீட்டுப் பிள்ளை வந்து சுவரோரம் நின்று, “பெரியம்மா, புதினா” என்பான். ஒரு கை புதினா, ஒரு கை மல்லி. புதினா போன தூக்கிலேயே இருட்டுகிற நேரம் கஞ்சி வரும். இவரும் மறுக்காமல் இரண்டு டம்ளர் குடிப்பார். குடித்துவிட்டு ஒருநாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கஞ்சியை வரவில் எழுதுவதா, புதினாவைச் செலவில் எழுதுவதா என்று முடிவாகாமல் மூடிவிட்டார்.

சரி, உங்கள் தக்காளிக்கு வருகிறேன். பூ பூத்துப் பூத்து உதிர்கிறது, மருந்து என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து கிடையாது. பகலில் 35 டிகிரிக்கு மேலே போய் இராத்திரியும் சூடு இறங்கவில்லை என்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். காய் பிடிக்காது, பூ கொட்டும். கோயம்புத்தூரில் கான்கிரீட் மாடியில் தொட்டி வைத்திருக்கிறீர்கள். பொழுது சாய்ந்த பிறகும் அந்தத் தளம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். செடி என்ன செய்யும்? கடைக்காரர் விற்ற டானிக்கை ஊற்றாதீர்கள். கத்திரி வெயில் மே 4-ல் பிறக்கிறது என்றால் அதற்குள் தக்காளியை எடுத்து முடித்திருக்க வேண்டும். நாங்கள் தையில் நாற்று விட்டு, சித்திரைப் பாதியில் செடியைப் பிடுங்கிவிடுவோம். கோடையில் வெண்டை, சீனியவரை, தட்டைப்பயறு, கத்தரி, கொடிக்காய்கள் போடுங்கள். வெயில் அவற்றுக்குத் தாய்வீடு. சீனியவரையை உங்கள் பக்கம் கொத்தவரை என்பீர்கள்.

கொடியில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருண்டு விழுகிறது என்பதும் உங்கள் புகார். அது நோயில்லை, பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான். மூன்றாவது மாடிக்கு எந்த வண்டு வரும்? ஆண்பூவைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கிற பெண்பூவின் நடுவில் தடவுங்கள். இதில் நேரம் முக்கியம். பாகலும் பூசணியும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிகிற சாதி. இது தெரியாமல் முதல் வருடம் இவர் விடிகாலையில் எழுந்து போய் வாடிப்போன பீர்க்கம்பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “ஏங்க, அது இராத்திரி டூட்டிங்க” என்று சொன்ன பிறகு நேரத்தை மாற்றினார். இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் டார்ச்சும் கையுமாகப் பந்தலுக்கடியில் நிற்பார். தெருவில் போகிறவர்கள் பாம்பு தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே போவார்கள்.

பாகலில் பழ ஈ என்று ஒன்று உண்டு. பிஞ்சில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். நறுக்கினால் உள்ளே புழு நெளியும். அதற்குக் கருவாட்டுப் பொறி நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த கருவாடு வைத்துப் பந்தலில் கட்ட வேண்டும். ஈ மொய்த்து உள்ளே போய் மாட்டும். நாங்களும் கட்டினோம். ஈ வந்தது, அதற்கு முன்னால் தெருவிலிருந்த பூனை அத்தனையும் வந்தது. பந்தல் ஒரு பக்கம் சரிந்தது அன்றைக்குத்தான். பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயரத்தில் கட்டுங்கள்.

புடலை நேராகத் தொங்க நுனியில் சிறு கல் கட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லின் எடையைக் கழித்துத்தான் அவர் எழுதினாராம். நானும் நம்புகிறேன்.

தண்ணீரைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் ராஜவாய்க்காலுக்கா குடகனாற்றுக்கா என்கிற பேச்சு எங்கள் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியைக்கூடக் கலைத்துவிடும். கொல்லைக்கு எங்களுக்குப் போர் ஒன்று இருக்கிறது. சித்திரையில் அரைமணி நேரம் இறைத்தால் காற்று வாங்கும். ஆகவே அரிசி கழுவின தண்ணீர் கத்தரிக்கு, பாத்திரம் அலசின தண்ணீர் வாழைக்கு, துணி அலசிய கடைசித் தண்ணீர் சப்போட்டாவுக்கு. அய்யம்பாளையத்துத் தோப்பிலிருந்து தென்னை மட்டை வாங்கி வந்து செடி அடியில் பரப்பிவிடுவோம். மூடாக்கு. இந்தச் சொல்லை எங்கள் காதில் போட்டவர் இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா. அவர் 2013 டிசம்பரில் மறைந்தார். அவருடைய வானகம் பண்ணை எங்கள் மாவட்டத்து எல்லை தாண்டினால் கடவூரில்தான் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மண்ணை அம்மணமாக வெயிலில் விடக்கூடாது என்பது இவர் மண்டையில் ஏறியது. நான் சொல்லியிருந்தால் ஏறியிருக்காது.

கோடையில் அறுவடை என்றால் காயை மட்டும் நினைக்காதீர்கள். வெயிலையும் சேர்த்துத்தான் நாங்கள் அறுக்கிறோம். சித்திரை வெயில் சும்மா கிடைக்கிற அடுப்பு. முற்றப்போகிற சீனியவரையை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, மாடியில் பழைய வேட்டியில் பரப்பினால் மூன்றாம் நாள் கலகலவென்று சத்தம் கேட்கும். கத்தரிக்காயை நாலாகக் கீறி அதே மாதிரி. வெண்டையை வட்டமாக நறுக்கி மோரில் போட்டு எடுத்து. மிளகாயை நடுவில் கீறி, உப்பும் தயிரும் கலந்த பானையில் இராத்திரி ஊறவைத்து, பகலில் காயவைத்து, மறுபடி சாயங்காலம் அதே மோரில் தள்ளி, மோர் முழுவதும் வற்றி மிளகாய் வெளுக்கிற வரை. இதற்கு அவசரம் ஆகாது. இரண்டு நாள் வெயில் குறைந்தாலும் பூசணம் பூத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் நாலு கிலோ சீனியவரை என்று எழுதியது காய்ந்து அரைக்கிலோ ஆனது. “மூன்றரைக் கிலோ எங்கே?” என்று கேட்டார். “வெயில் குடித்துவிட்டது” என்றேன். அந்த அரைக்கிலோவை ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு சந்தையில் காய் தீப்பிடித்த விலை விற்கிறபோது எடுத்து, புளிக்குழம்பு வைப்பேன். அதற்கு எந்தத் தேதி விலை போடுவது? சித்திரை விலையா, ஐப்பசி விலையா? நீங்கள் காமர்ஸ் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறேன்.

மாமரத்தைக் கடைசிக்கு வைத்தேன். இரண்டு மரம். ஒன்று நத்தம் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்த செந்தூரம், ஒட்டு. இன்னொன்று கொட்டை போட்டுத் தானாக வந்த புளிப்பு மரம், பெயர் கிடையாது. செந்தூரத்தைப் பறித்து வைக்கோலில் புதைத்து வைத்திருந்தோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடுத்தும் சந்தையில் நிற்கவில்லை. வைக்கோல் பழம் ஒரே நாளில் எல்லாம் பழுக்காது, இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று தவணையில்தான் தரும். அதுதான் அதன் அழகு.

புளிப்பு மரத்தில் இந்த வருடம் இலை தெரியாமல் காய். வைகாசி பிறந்து நாலாம் நாள் இராத்திரி, பத்து மணி இருக்கும், சிறுமலைப் பக்கம் மின்னியது. கொஞ்ச நேரத்தில் காற்று. கரண்டு போனது. ஓட்டு மேலே மாங்காய் விழுகிற சத்தம் இருக்கிறதே, யாரோ நிறுத்தாமல் கதவைத் தட்டுகிற மாதிரி. மழை அரைமணிதான். நின்றதும் இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினோம். கொல்லை முழுவதும் காய். பந்தல் பாதி கீழே. பீர்க்குக் கொடியைப் பார்த்து இவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். சாக்கு நிறைந்தது, அண்டா நிறைந்தது, என் பழைய சேலையை விரித்து அதிலும் கட்டினோம்.

தராசு பேட்டரித் தராசு. அன்றைக்குப் பார்த்து உயிர் இல்லை. விடிகிற வரை வைத்திருக்கலாம்தான். ஆனால் அடிபட்ட மாங்காய் காத்திருக்காது, மறுநாளே கன்றிப்போகும். விடிவதற்குள் தெருவே வாசலில் நின்றது. பாய் வீட்டுக்கு ஒரு வாளி. எதிர் வீட்டு மருமகளுக்கு மாசம் அஞ்சு. அவள் கேட்பதற்கு முன்னாலேயே மடியில் கட்டிக் கொடுத்தேன். பால்காரர் சொசைட்டி கேனுக்கு மேலே பத்துக் காயை வைத்துக் கட்டிக்கொண்டு போனார். மிச்சத்தை நானும் இன்னும் மூன்று பெண்களும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அரிந்தோம். உப்பும் மஞ்சளும் புரட்டி மாடியில் ஏற்றியபோது மணி பதினொன்று. அன்றைக்குத் தராசு இருந்த இடத்தில் மாங்காய்த் தோல்தான் குவிந்து கிடந்தது.

அந்தத் தேதிக்கு அவர் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. காய் என்ற பத்தியில் “மாங்காய்”. எடை என்ற பத்தியில் “காற்று”. விலைப் பத்தி காலி.

உங்களுக்கு எங்கள் பீர்க்கு விதை அனுப்புகிறேன். காற்றில் விழாமல் தப்பிய இரண்டு காயை விதைக்கு விட்டிருக்கிறேன். கொடியிலேயே காய்ந்து உள்ளே கலகலக்க வேண்டும். ஆடிக்குள் வந்து சேரும். நார் எனக்கு, முதுகு தேய்க்க.

அன்புடன்,
அக்கா
சித்தையன்கோட்டை

பி.கு. இதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் சேர்க்கச் சொன்னது: மொத்தம் 97 கிலோ இல்லை, 97 கிலோ 350 கிராம். விதைக்கு விட்ட பீர்க்கு இதில் சேராது. புடலைக் கல்லைக் கழித்தது உண்மை.