மூலப்பதிவும் நகலும்

2007ஆம் ஆண்டு வெளிவந்த ரெட் ஒன் போன்ற திரைப்படக் கேமராக்கள் பதிவுசெய்வது நாம் திரையில் காணும் படமன்று. கேமராவின் உணரியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரே நிறத்தின் ஒளியளவை மட்டும் குறித்துக்கொள்கிறது. புள்ளிகளில் பாதி பச்சைக்கு உரியவை. நம் கண் பச்சையை நுட்பமாக உணர்வதே காரணம். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணினிதான் கணக்கிட வேண்டும். இதுவே மூலப்பதிவு, சமைக்காத அரிசியைப் போன்றது.

நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றுக்கும் இக்கணக்கைச் செய்யும்போது கணினி திணறும். காட்சி விட்டுவிட்டு ஓடும். அதில் நடிகரின் கண்ணசைவு எங்கே முடிகிறது என்பதைப் படத்தொகுப்பாளர் எப்படிக் கண்டறிவார்? ஆகவே, மூலப்பதிவிலிருந்து புரோரெஸ் போன்ற எளிதில் ஓடும் வடிவத்தில் நகல்களை உருவாக்குகின்றனர். வெட்டுவதும் இணைப்பதும் அவற்றில்தான்.

தொகுப்பு முடிந்ததும், கோப்பின் பெயரையும் நேரக்குறியையும் ஒப்பிட்டு, நகல் இருந்த இடத்தில் மூலப்பதிவைக் கணினி வைக்கிறது. நிறங்களைச் சீரமைப்பது அதன் பிறகே. இடையில் யாரேனும் நகல்களுக்கு ‘மழைக்காட்சி’, ‘சண்டைக்காட்சி’ என்று அழகாகப் பெயர் மாற்றி வைத்திருந்தால், நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த வேண்டியதுதான்!