ஓவியக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள்



நம் பள்ளியில் நன்றாகப் படம் வரையும் மாணவியர் சிலருக்கு ஓவியக் கல்லூரியில் சேர ஆசை உண்டு. "வரைவதற்குத் திட்டம் எதற்கு? மனம் வந்தபோது வரைய வேண்டியதுதானே!" என்று கேட்போரும் உண்டு. உண்மையில் மற்றப் படிப்புகளைவிட இதற்குத்தான் திட்டம் மிகுதியாக வேண்டும். வரலாற்றுப் பாடத்தை ஓர் இரவு கண்விழித்துப் படித்துவிடலாம். ஈரக் களிமண் நமக்காக ஓர் இரவில் காய்ந்துவிடாது.

சென்னைப் பெரியமேட்டிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியே அது. அங்கு பி.எஃப்.ஏ. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். ஓவியம், சிற்பம், அச்சோவியம், சுடுமண் கலை, துணி வடிவமைப்பு எனப் பிரிவுகள் பல.

எந்தப் பிரிவு என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம் எழும். "பெண்பிள்ளைக்கு உளியும் சுத்தியலும் எதற்கு?" என்பார்கள். அக்கல்லூரியில் பயின்ற அனிலா ஜேக்கப் சிற்பியாகவே பெயர் பெற்றார் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். 1929-ல் அங்கு முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியர். மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையைச் செய்த சிற்பியும் அவரே. ஆகையால் எல்லாப் பொருள்களையும் கையால் தொட்டுப் பார்க்குமுன் "எனக்கு இதுதான்" என்று முடிவு கட்டாதீர்கள். எப்பிரிவாயினும் கோட்டோவியம் நாள்தோறும் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த தாள் வேண்டாம். கரித்துண்டும் மலிவுத் தாளும் போதும்.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். களிமண் உருவம் மெல்லக் காய வேண்டும். உள்ளே ஈரம் இருக்கச் சூளையில் வைத்தால் நீர் ஆவியாகி உருவம் வெடித்துவிடும். பக்கத்தில் இருக்கும் தோழியின் உருவமும் சேர்ந்து போகும்! கனமான உருவத்தை உட்குடைந்து செய்வதும் இதற்காகவே. எனவே சூளை மூட்டும் நாளை முதலில் கேட்டறிந்து, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுங்கள். எண்ணெய் வண்ணமும் அப்படித்தான். அடிப்பூச்சு காயாமல் மேற்பூச்சு பூசினால் பின்னர் வெடிப்பு விடும். இரண்டு மூன்று படங்களை ஒரே சமயத்தில் தொடங்கினால், ஒன்று காயும்போது மற்றொன்றில் கை ஓடும். செதுக்கச்சுக்கோ தகடு அமிலத்தில் கிடக்கும் நேரம் நிமிடக் கணக்கு. தாளை முன்கூட்டியே நனைத்து வைக்க வேண்டும். இவ்வேலைகளை மாலை நான்கு மணிக்குத் தொடங்குவது வீண்.

கலை வரலாற்றைப் பலர் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவிடுகின்றனர். எழும்பூர் அருங்காட்சியகம் கல்லூரிக்கு அருகில்தான். அங்குள்ள சோழர் செப்புத் திருமேனிகளின் முன் ஒரு பிற்பகல் நோட்டுடன் நின்று வரைந்தால், இடுப்பின் வளைவும் எடை தாங்கும் காலும் பென்சிலுக்குப் புரியும். பிறகு பாடநூல் எளிதாகும்.

சேர்க்கையின்போது கைத்திறனைச் சோதிப்பார்கள். ஆகவே இப்போதே வரையும் படங்களைக் கிழித்தெறியாமல், மூலையில் தேதியிட்டு அட்டைக்குள் வைத்து வாருங்கள். சரியாக வராதவற்றையும் வையுங்கள். ஓராண்டு கழித்து ஆசிரியையிடம் காட்டுகையில் அவர் முதலில் கேட்பது அவற்றைப் பற்றித்தான்.